பியூப்லோவும் தானா ராத்தாவும் ஒரே உயரம்: ஓட்டத்தின் வேகம் மலைக்காற்றில் இருக்கிறதா?

மலேசியத் தடகள ரசிகர்கள் ஷெரின் சாம்சன் வல்லபோயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பேச்சு எப்படியும் ஓர் எண்ணில் வந்து நிற்கும்: 51.80. பெண்கள் 400 மீட்டரில் அவர் ஓடிய நேரம் அது. உடனே யாராவது ஒருவர் சொல்வார், "அது மலை மேல ஓடினது. கீழ ஓடியிருந்தா அந்த டைம் வந்திருக்காது."

அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கு. மீதிப் பாதியைத்தான் இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

2023 மே மாதம் கம்போடியாவில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் ஷெரின் 400 மீட்டரை 52.53 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். ரபியா அப்துல் சலாம் 1993-இல் வைத்த 52.56 என்ற தேசியச் சாதனை, 30 ஆண்டுகள் கழித்து அன்றுதான் உடைந்தது. அதே மாதக் கடைசியில், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள பியூப்லோ நகரில் நடந்த கல்லூரிகளுக்கு இடையிலான இரண்டாம் பிரிவு தேசியப் போட்டியில், தன் சாதனையைத் தானே உடைத்தார். நேரம் 51.80. அந்தப் பட்டமும் அவருக்கே.

பியூப்லோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,430 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் கேமரன் மலையின் தானா ராத்தா பட்டணமும் ஏறக்குறைய அதே உயரம்தான்.

இதனால் விவாதத்துக்கு இன்னொரு முனையும் உண்டு. அந்த உயரத்துக் காற்று சாதனை படைக்க உதவும் என்றால், போ தேயிலைத் தோட்டத்திலும் ரிங்லெட்டிலும் பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு அது இயற்கை கொடுத்த வரம் ஆச்சே? அங்கிருந்து ஏன் ஓட்டக்காரர்கள் வரிசையாக வரவில்லை?

காற்று எவ்வளவு உதவும்?

முழு வேகத்தில் ஓடுகிறவர் தன் முன்னால் உள்ள காற்றைத் தள்ளிக்கொண்டேதான் ஓட வேண்டும். உயரம் கூடக் கூட காற்று லேசாகும். 1,400 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. தள்ள வேண்டிய காற்று குறைந்தால் கால் கொஞ்சம் சுலபமாகப் போகும்.

அதனால்தான் 1,000 மீட்டருக்கு மேல் உள்ள திடல்களில் பதிவாகும் நேரத்துக்குப் பக்கத்தில் ஓர் 'ஏ' எழுத்து போடுவது வழக்கம். ஆனால் அந்த நேரம் செல்லாது என்று யாரும் சொல்வதில்லை. 100, 200 மீட்டர் ஓட்டங்களில் முதுகுக் காற்று வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் சாதனையாக ஏற்க மாட்டார்கள். உயரத்துக்கு அப்படி ஒரு தடையே கிடையாது.

சரி, கணக்குக்கு வருவோம். 400 மீட்டரில் பியூப்லோ மாதிரி ஓர் உயரம் கொடுக்கும் சலுகை, பொதுவான கணிப்புப்படி, பத்தில் ஓரிரண்டு பங்கு வினாடிதான். ஷெரின் கம்போடியாவுக்கும் பியூப்லோவுக்கும் இடையில் குறைத்தது 0.73 வினாடி. காற்றின் பங்கைத் தாராளமாகவே கழித்தாலும், பழைய தேசியச் சாதனையைவிட வேகமான நேரம்தான் மிஞ்சும். "மலை மேல ஓடினது" என்பதை ஒரு குறிப்பாக வைத்துக்கொள்ளலாம், குற்றச்சாட்டாக வைக்க முடியாது.

1968: லேசான காற்றில் எழுதிய எண்கள்

இந்த விவாதம் நமக்குப் புதிதல்ல. 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ சிட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டியதும், ஜிம் ஹைன்ஸ் 100 மீட்டரை 9.95-இல் முடித்ததும் அங்கேதான்.

நம் 'பறக்கும் டாக்டர்' எம். ஜெகதீசனும் அங்கேதான் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடி, அரையிறுதி வரை போனார். சிங்கப்பூரின் சி. குணாளன் 100 மீட்டரில் 10.38 பதிவு செய்தார். ஆஸ்திரேலியாவின் பீட்டர் நார்மன் 200 மீட்டரில் 20.06 ஓடி வெள்ளி வாங்கினார்.

இந்த மூன்று தேசியச் சாதனைகளின் ஆயுளைப் பாருங்கள். குணாளனுடையது 33 ஆண்டு நின்று 2001-இல் விழுந்தது. ஜெகதீசனுடையதை 2017-இல் கைருல் ஹஃபிஸ் ஜந்தான் 20.90 ஓடி முறியடித்தார், 49 ஆண்டு கழித்து. நார்மனுடையதை 2024 டிசம்பரில் கௌட் கௌட் என்ற பள்ளி மாணவர் 20.04 ஓடி உடைத்தார், 56 ஆண்டு கழித்து.

மெக்சிகோ காற்றுக்கு இதில் பங்கு இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் அதுதான் முழுக் காரணம் என்று சொல்லிவிட்டால் நமக்கு ரொம்ப வசதியாகப் போய்விடும். ஜெகதீசனின் நேரத்தோடு காற்றுக்காகப் பத்தில் ஒரு பங்கு, கூடுதலாகவே கூட்டினாலும், 21 வினாடியை ஒட்டித்தான் வரும். அரை நூற்றாண்டாக நம்மால் தாண்ட முடியாத எண்ணா அது?

அந்த 20.92-க்குப் பின்னால் இருந்ததையும் பார்க்க வேண்டும். ஜெகதீசன் 1960-இல் ரோம் ஒலிம்பிக்குக்குப் போனபோது அவருக்கு வயது 16. மெக்சிகோவில் 24. நடுவில் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 200 மீட்டர் தங்கம், 1964 தோக்கியோ ஒலிம்பிக், 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 100, 200, 4x100 என மூன்று தங்கம், இதற்கிடையே மருத்துவப் படிப்பு. 1966-இல் அதே பாங்காக்கில் பெண்கள் 400 மீட்டர் தங்கத்தை வென்றவரும் ஒரு மலேசியர், எம். ராஜாமணி. மெக்சிகோவின் காற்று ஜெகதீசனுக்குச் சில நாட்கள் கிடைத்தது. எட்டு ஆண்டு ஓட்டம் அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது.

மலையிலேயே பிறந்து வளர்ந்தால்?

இங்கே ரசிகர்கள் பலர் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். மலையில் ஓடுவது வேறு, மலையில் வாழ்வது வேறு.

லேசான காற்றில் நீண்ட நாள் வாழ்ந்தால் உடம்பு சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்ளும், ரத்தம் அதிக ஆக்சிஜனைச் சுமக்கும். கென்யாவின் இத்தேன் மாதிரி 2,400 மீட்டர் உயரத்து ஊர்களிலிருந்து நெடுந்தூர ஓட்டக்காரர்கள் வருவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. ஆனால் 100 மீட்டர் ஓடுகிறவர் அந்தப் பத்துச் சொச்ச வினாடியில் மூச்சில் வரும் ஆக்சிஜனை நம்பி ஓடுவதில்லை, தசையில் ஏற்கனவே இருக்கும் சக்தியைச் செலவழித்து ஓடுகிறார். 400 மீட்டரில் மூச்சுக்கும் வேலை உண்டு, ஆனாலும் அது நெடுந்தூர ஓட்டம் ஆகிவிடாது. போதாக்குறைக்கு கேமரன் மலை, கென்ய மேட்டு நிலத்தைவிட ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் தாழ்வு.

ஆக, மலைக்காற்று தோட்டத்துப் பிள்ளையை வேக ஓட்டக்காரராக ஆக்காது. குளிர் வேறு. வேகமாக ஓட தசை சூடாக இருக்க வேண்டும் என்பதால், காலை நேரத்து மலைக்குளிரில் உடலைச் சூடேற்றவே கூடுதல் நேரம் பிடிக்கும்.

பியூப்லோவில் ஷெரினுக்குக் கிடைத்த லேசான காற்று அந்த ஒரு போட்டிக்கு மட்டும்தான். அவர் படித்தது மின்னசோட்டாவில் உள்ள வினோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில். அங்கே ஜனவரியில் உள்ளரங்கப் போட்டிகள் தொடங்கும், வசந்த காலத்தில் வெளித்திடல் போட்டிகள், மே மாதம் தேசியப் போட்டி. பயிற்சியாளர், ஓடுதளம், சிகிச்சை, சேர்ந்து ஓட ஆள், எல்லாம் வகுப்பறையிலிருந்து நடந்து போகும் தூரத்தில். அவருடைய பெற்றோர் இருவருமே முன்னாள் தேசிய ஓட்டக்காரர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒரு நல்ல நேரம் எப்படி உருவாகிறது என்று வீட்டிலேயே தெரிந்திருந்தது.

18 வயது நேரம் என்ன சொல்லும்?

இன்னொரு சூடான விவாதம் முகமட் அஸிம் ஃபஹ்மியைப் பற்றியது. 2022-இல் கொலம்பியாவின் காலி நகரில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில், 18 வயதில் 100 மீட்டரை 10.09 வினாடியில் ஓடினார். அதுவரை தேசியச் சாதனை கைருல் ஹஃபிஸின் 10.18. காலியும் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்து ஊர்தான் என்பது ஒரு வேடிக்கை.

அன்றைக்கே '10 வினாடிக்குள் ஓடும் முதல் மலேசியர்' என்று எழுதிவிட்டவர்கள் உண்டு. பிறகு அவர் அமெரிக்காவில் ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போனார், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓடினார், அரையிறுதிக்குத் தேறவில்லை. உடனே அதே ரசிகர்களில் சிலர் "முடிஞ்சுது" என்றார்கள். அப்போது அவருக்கு வயது 20. ஜெகதீசன் தன் சிறந்த நேரத்தை ஓடியது 24-இல்.

அதே காலி போட்டியில் தாய்லாந்தின் புரிபோல் பூன்சனும் ஓடினார், 16 வயதில். 2025 டிசம்பரில் பாங்காக் சீ விளையாட்டில் அவர் 9.94 ஓடி, 10 வினாடிக்குள் வந்த முதல் தென்கிழக்காசியர் ஆனார். இதை வைத்து அஸிமுக்குத் திறமை குறைவு என்று முடிவு கட்டுவது அவசரம். 10.09-க்கும் 9.94-க்கும் இடையே உள்ள தூரம் திடலில் ஒன்றரை மீட்டர். காயம் இல்லாத ஓராண்டு, ஒத்துப்போகும் ஒரு பயிற்சியாளர், சரியான சமயத்தில் சரியான போட்டி, இவற்றில் ஒன்று தவறினாலே அந்த ஒன்றரை மீட்டர் போய்விடும்.

ஷெரினுக்கான தூரம் இன்னும் அதிகம். பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் பெண்கள் 400 மீட்டரில் நிர்ணயித்த தகுதி நேரம் 50.95. அவருடைய 51.80-இலிருந்து அது 0.85 வினாடி, அதாவது சுமார் ஆறரை மீட்டர். பாரிஸில் மரிலெய்டி பவுலினோ தங்கம் வென்ற நேரம் 48.17. ஆகவே "ஒலிம்பிக் பதக்கம் வருமா?" என்பது இப்போதைக்குத் தவறான கேள்வி. "தரவரிசை வழியாக ஒலிம்பிக்குக்குள் நுழைய முடியுமா?" என்று கேட்பதுதான் பொருத்தம். ஏனென்றால் இடங்களில் ஏறக்குறைய பாதி, தகுதி நேரம் ஓடாதவர்களுக்குத் தரவரிசைப் புள்ளிகள் மூலம் போகிறது. அந்தப் புள்ளி வேண்டுமென்றால் தரமான போட்டிகளில் ஆண்டு முழுக்க ஓட வேண்டும். விமான டிக்கெட்டுக்குப் பணம் தரும் ஆள் இருக்கிறாரா என்பதும் அப்போது திறமையின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

தோட்டத்திலிருந்து திடலுக்கு எத்தனை கிலோமீட்டர்?

இனி நம் மலைக்குத் திரும்புவோம். எட்டுப் பாதை கொண்ட ஒரு 400 மீட்டர் ஓடுதளம் போட, ஏறக்குறைய 177 மீட்டர் நீளமும் 93 மீட்டர் அகலமும் உள்ள சமதளம் வேண்டும். தானா ராத்தா என்ற பெயருக்கு மலாயில் பொருளே 'சமநிலம்' என்பதுதான். ஆனால் 1929-இல் தொடங்கிய போ முதற்கொண்டு, தேயிலை போட்டதெல்லாம் சரிவில். லயத்து வீடுகளும் தோட்டப் பள்ளிகளும் அந்தச் சரிவில் கிடைத்த துண்டு நிலங்களில்தான் எழுந்தன. வளைவில் முழு வேகத்தில் ஓடிப் பழக அங்கே இடம் தேடிப் பாருங்கள், தெரியும்.

அடுத்தது ஆள் எண்ணிக்கை. 150-க்கும் குறைவான மாணவர்கள் இருந்தால் அது 'குறைந்த மாணவர் பள்ளி'. தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் பல இந்தக் கணக்கில்தான் வரும். குடும்பங்கள் பட்டணத்துக்கு இறங்கிவிட்டன, கொழுந்து பறிக்கும் வேலையும் பெரும்பாலும் இயந்திரத்துக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் போய்விட்டது. ஒரே வயதில் நான்கு பெண் பிள்ளைகள் இல்லாத பள்ளியில் 4x100 அணி எப்படிச் சேரும்? பக்கத்தில் யாரும் இல்லாமல் தனியாக ஓடும் பிள்ளைக்குத் தன் வேகம் என்னவென்றே தெரியாது.

மூன்றாவதாக, யாரும் அதிகம் பேசாத ஒரு நிலவியல் சிக்கல். கேமரன் மலை பகாங் மாநிலம். ஆனால் மலையை விட்டு இறங்கும் முக்கியச் சாலைகள் இரண்டும், தாப்பா வழியும் சிம்பாங் பூலாய் வழியும், பேராக்கில்தான் போய் இறங்குகின்றன. பக்கத்துப் பெரிய நகரம் ஈப்போ. ஆனால் மாவட்ட அளவில் ஜெயித்த மாணவி, பகாங் மாணவியாகத்தான் மாநிலப் போட்டிக்குப் போக வேண்டும். மாநிலத் தலைநகர் குவாந்தான் தீபகற்பத்தின் அடுத்த கரையில் இருக்கிறது. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் உள்ள நாட்டில், தோட்டத்துச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அந்தப் பயணம் ஒரு சின்னச் செலவல்ல. ஒரு நாள் சம்பளமும் போகும்.

முடிவெடுக்கும் வயதும் சீக்கிரம் வந்துவிடுகிறது. புக்கிட் ஜாலில் போன்ற விளையாட்டுப் பள்ளிகள் படிவம் 1-லிருந்தே மாணவர்களை எடுக்கின்றன. அதாவது 12 வயதுப் பிள்ளையின் ஓட்டத்தை ஆறாம் ஆண்டுக்குள் ஒருவர் பார்த்திருக்க வேண்டும், நேரம் குறித்திருக்க வேண்டும், வீட்டில் போய்ப் பேசியிருக்க வேண்டும். தோட்டத்தில் அந்த வேலை பெரும்பாலும் ஒரே ஓர் ஆசிரியர் தலையில் விழுகிறது, புறப்பாட நடவடிக்கை என்ற பெயரில், மழை விடும் மாலைகளில்.

அந்த ஆசிரியர் மாற்றலாகிப் போனால் அடுத்த ஆண்டு அங்கே நிறுத்து கடிகாரம் யார் கையில் இருக்கும்? ஷெரின் 50 வினாடிக்குள் ஓடுவாரா, அஸிம் 10 வினாடிக்குள் வருவாரா என்று பேசும் அளவுக்கு இந்தக் கேள்வியை நாம் பேசுவதில்லை.