தாதியர் ஆராய்ச்சியும் கிராமங்களும்

நமது ராஜ்யத்தில் தாதியர் கல்லூரிகள் பல்கிப் பெருகியிருக்கின்றன. அவற்றிற் பயில்வோர் பட்டம் பெறுமுன் சமுதாய சுகாதாரப் பயிற்சிக்காகக் கிராமங்களுக்குச் செல்லவேண்டும். ஆராய்ச்சியொன்றும் செய்து முடிக்கவேண்டும். இது பாடத்திட்டத்தின் விதி. ஆகவே, வருஷந்தோறும் வெள்ளுடை தரித்த இளைஞர் கூட்டம் வினாத்தாளும் கையுமாகக் கிராமத் தெருக்களில் வலம் வருகிறது. ஜனங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லுகிறார்கள். கையை நீட்டி ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுகிறார்கள். வீட்டுச் சங்கதிகளையும் மறைக்காமல் கூறுகிறார்கள். பிறகு அவையெல்லாம் ஒரு புத்தகமாகக் கட்டப்பட்டுக் கல்லூரி அலமாரியில் ஏறிவிடுகின்றன. பதில் சொன்ன கிராமத்துக்குத் திரும்பி வந்து சேருவது என்ன? இதுவே நாம் இன்று கேட்க விரும்பும் கேள்வி.

ஆராய்ச்சியே வேண்டாமென்று சொல்வது நமது கருத்தன்று. தாதியர் தொழிலுக்கு மதிப்புத் தேடித் தந்ததே ஆராய்ச்சிதான். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் விளக்கேந்திய மாது என்று மட்டுமே நம்மவர் அறிவர். 1854-ல் கிரிமியப் போர்க்களம் சென்ற அவ்வம்மையார், சிப்பாய்களிற் பெரும்பாலோர் குண்டுபட்டுச் சாகவில்லை, அசுத்தத்தால் வந்த நோய்களினாலேயே சாகிறார்கள் என்பதைக் கணக்கெடுத்து, படமாகத் தீட்டி, ஆங்கில சர்க்காரின் முகத்துக்கு நேரே நீட்டினார். இந்தியாவுக்கு ஒரு முறையேனும் வந்தறியாத அவர், நமது கிராமங்களின் சுகாதாரத்தைப் பற்றிப் பல்லாண்டுகள் எழுதி வந்தார். கணக்கு அவர் கையில் ஓர் ஆயுதமாக விளங்கிற்று. அவ்வாயுதம் இன்று நம் கல்லூரிகளில் துருப்பிடித்துக் கிடக்கிறதென்பதே நமது வருத்தம்.

இன்றைய ஆராய்ச்சிகளிற் பலவும் ஒரே அச்சில் வார்த்தவையாயிருக்கின்றன. ஒரு கிராமத்தில் ஐம்பது அறுபது பேரைப் பிடித்து, நீரிழிவைப் பற்றியோ ரத்தசோகையைப் பற்றியோ கேள்விகள் கேட்பது, மதிப்பெண் போடுவது, ஒரு மணி நேரம் பாடம் நடத்துவது, ஒரு வாரங் கழித்து அதே கேள்விகளைத் திரும்பக் கேட்பது, மதிப்பெண் கூடியிருக்கிறதென்று முடிவு கூறுவது. பாடஞ் சொன்னபின் மதிப்பெண் கூடுவதில் என்ன அதிசயம்? மதிப்பெண் கூடியதால் நோய் குறைந்ததா என்பதை யார் கண்டார்கள்?

நமது ராஜ்யத்தில் 2020-ல் எடுக்கப்பட்ட ஆய்வு ஒன்றைக் கவனிப்போம். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் நூற்றுக்கு 7.3 பேருக்கு மட்டுமே அது கட்டுக்குள் இருந்தது. நீரிழிவு உள்ளவர்களில் 10.8 பேருக்கு மட்டுமே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. உப்பைக் குறைக்கவேண்டும், மாத்திரையை நிறுத்தக்கூடாது என்பவற்றைக் கேள்விப்படாதவர் இன்று எத்தனை பேர்? அறியாமை ஒன்றே காரணமாயின், மேடைப் பிரசங்கங்களிலேயே இந்நோய்கள் அடங்கியிருக்கும். மாத்திரை வாங்கப் போனால் ஒரு நாட்கூலி போய்விடுகிறது; பஸ்ஸுக்குக் காசு வேண்டும்; தோப்பிலும் ஆலையிலும் வேலை செய்கிறவனுக்கு வேளைக்குச் சாப்பாடு கிடையாது. இவற்றை அறிந்தவள், ஜனங்கள் 'நர்ஸம்மா' என்றழைக்கும் கிராம சுகாதாரச் செவிலி ஒருத்தியே. அவளுடைய அனுபவத்தை அளந்து, எண்ணி, சர்க்கார் மறுக்க முடியாதபடி எழுதி வைப்பதுதான் ஆராய்ச்சியின் வேலை.

'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டம் 2021 ஆகஸ்டு 5-ந் தேதி, இதே கிருஷ்ணகிரி ஜில்லாவைச் சேர்ந்த சாமனப்பள்ளி கிராமத்திலேதான் தொடங்கப்பட்டது. மருந்தை நோயாளியின் வாசலுக்கே கொண்டுசெல்லும் அம்முயற்சிக்கு 2024-ல் ஐக்கிய நாடுகளின் பரிசும் கிடைத்தது. பரிசை நாம் போற்றுகிறோம். ஆனால் வாசலுக்கு வந்த மாத்திரை வாய்க்குள் சென்றதா, சென்றதனால் ரத்த அழுத்தம் இறங்கியதா, வேலைக்குப் போனதால் வீட்டில் இல்லாத ஆண்கள் எத்தனை பேர் விடுபட்டுப் போகிறார்கள் என்பவற்றை, தொடங்கிய ஜில்லாவிலேயே வருஷா வருஷம் ஆராய்வது தாதியர் கல்லூரிகளுக்கு ஏற்ற பணியன்றோ?

இன்னோர் உதாரணமும் கூறுவோம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பிரதேசத்தின் நிலத்தடி நீரில் புளோரைடு என்னும் உப்பு மிகுதி. அது மிகுந்த நீரைக் குழந்தைப் பருவத்திற் குடித்தோரின் பற்களில் கறை படியும். மேலும் நெடுநாள் குடித்தால் எலும்பும் மூட்டும் விறைத்து, ஆள் வளைந்துபோகும். அக்காலத்துச் சென்னை மாகாணத்தின் நெல்லூர் ஜில்லாவில் இந்நோயை ஷார்ட் முதலிய நிபுணர்கள் 1937-லேயே விவரித்து எழுதினார்கள். இரண்டு ஜில்லாக்களுக்கும் காவேரி நீரைக் கொடுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், சுமார் 1,900 கோடி ரூபாய்ச் செலவில், ஜப்பானியக் கடனுதவியுடன் நிறைவேறி, 2013-ல் திறக்கப்பட்டது.

நல்ல நீர் எல்லார் வாய்க்கும் எட்டியிருக்கிறதா? இதை அறியப் பெரிய யந்திரசாலை ஒன்றும் வேண்டுவதில்லை. கறை படிவது, பல் ஈறுக்குள் உருவாகுங் காலத்தில். 2013-க்குப் பின் பிறந்த பிள்ளைகளில் மூத்தவர்களுக்கு இப்போது நிலைப்பற்கள் முளைத்துவிட்டன. தாதி மாணவி ஒருத்தி ஒவ்வொரு கிராமப் பள்ளிக்கூடத்திலும் நுழைந்து, அப்பிள்ளைகளின் முன்பற்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தாலே, எந்தக் கிராமத்துக்குக் குழாய்த் தண்ணீர் போயிற்று, எந்தக் கிராமம் இன்னும் ஆழ்குழாய்க் கிணற்றையே நம்பியிருக்கிறது என்பது பட்டப்பகல்போல் தெரிந்துவிடும். என்ஜினீயரின் கணக்கு சொல்லாததைக் குழந்தையின் பல் சொல்லிவிடும். கருங்கல் உடைக்கும் தொழிலாளரின் நுரையீரல், மாங்காய்ப் பருவத்தில் கூழ் ஆலைகளில் நின்றபடி உழைக்கும் பெண்களின் ரத்தசோகை, ஓசூர்த் தொழிற்பேட்டைக்கு வடநாட்டிலிருந்து வந்த குடும்பங்களின் தடுப்பூசி என்று ஆராயத் தக்கவை இந்த ஜில்லாவில் இன்னும் பல உண்டு.

"கிராமத்தில் ஆராய்ச்சியா? படிக்காத ஜனங்களை வைத்துக்கொண்டு என்ன சாதிக்க முடியும்?" என்று கேட்போர் உளர். அவர்களுக்கு மகாராஷ்டிரத்துக் கட்சிரோலியைக் காட்டுவோம். அங்கே அபய் பங், ராணி பங் என்னும் டாக்டர் தம்பதிகள், சிறிதளவே கல்வியறிவு பெற்ற கிராமப் பெண்களைப் பழக்கி, பிறந்த சிசுக்களை வீட்டிலேயே பேணச் செய்தனர். 39 கிராமங்களில் இம்முறையை நடத்தி, 47 கிராமங்களோடு ஒப்பிட்டனர். மூன்றாம் வருஷத்தில் பச்சிளஞ்சிசு மரணம் நூற்றுக்கு 62 வீதம் குறைந்தது. 1999-ல் 'லான்செட்' பத்திரிகை அதை வெளியிட்டது. 2011-ல் இந்திய சர்க்கார் அம்முறையைத் தேசமெங்கும் கைக்கொண்டது.

அவ்வளவு தூரமும் போகவேண்டியதில்லை. அண்டை ஜில்லாவான தர்மபுரியின் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கிடையே உள்ள சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில், ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற டாக்டர்கள் 1993-ல் ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். மலைவாழ் பெண்களையே தாதிகளாகப் பழக்கினார்கள். ஆயிரம் குழந்தைகளுக்கு 147 ஆக இருந்த சிசு மரணம் இருபதை ஒட்டி இறங்கியது. உள்ளூர்ப் பெண்ணின் கையும், ஒழுங்காக எழுதிய கணக்கும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதனினும் வேறு சாட்சி வேண்டுமோ?

ஆதலின் சில யோசனைகளைக் கூறுகிறோம். முதலாவது, ஆராய வேண்டிய விஷயத்தைக் கிராமத்தையும் கிராமச் செவிலியையும் கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு கல்லூரியும் சில கிராமங்களைத் தத்தெடுத்து, ஓர் ஆண்டின் மாணவர் விட்ட இடத்திலிருந்து மறு ஆண்டினர் தொடரவேண்டும். சில வாரங்களில் என்ன செய்ய இயலும் என்று ஆசிரியர்கள் கூறுவது நியாயமே. ஆனால் பத்து வகுப்புகள் ஒரே கிராமத்தைத் தொடர்ந்து கவனித்தால் அது பத்தாண்டு ஆராய்ச்சியாகிவிடும். மூன்றாவது, முடிவுகளை ஜனங்களின் பாஷையில் எழுதிக் கிராம சபையில் வாசிக்கவேண்டும். எல்லையை ஒட்டிய இந்த ஜில்லாவில் தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழிகளாக வழங்குகின்றன. ஆங்கிலத்தில் வகுத்த கேள்வியை அரைகுறையாக மொழிபெயர்த்துக் கேட்டால், பதிலும் அரைகுறையாகத்தான் வரும்.

நான்காவது யோசனை எல்லாவற்றிலும் முக்கியமானது. கிராம சுகாதாரச் செவிலியின் தலையில் ஏற்றியுள்ள பதிவேட்டுச் சுமையை இறக்கவேண்டும். ஏறக்குறைய ஐயாயிரம் ஜனங்களுக்கு ஒருத்தி என்பது கணக்கு. கர்ப்பிணியைப் பார்ப்பதும், தடுப்பூசி போடுவதும், வீடு வீடாகச் செல்வதும் அவள் கடமை. அவற்றோடு ஒரே விவரத்தைப் பல ஏடுகளிலும் கணினியிலும் திரும்பத் திரும்பப் பதியவேண்டியிருக்கிறதென்று அவர்களுடைய சங்கங்கள் முறையிட்டு வந்திருக்கின்றன. மேலிடத்துக்கு அனுப்புவதற்கென்றே எழுதப்படும் கணக்கு, எழுதியவளுக்கு ஒரு பயனும் தருவதில்லை. அவள் எழுதும் கணக்கு அவளுடைய கிராமத்தின் நிலையை அவளுக்கே காட்டவேண்டும். அன்று அவளே ஆராய்ச்சியாளர் ஆவாள். வெளியாகும் ஆராய்ச்சியில் அவள் பெயரும் இடம்பெற வேண்டும்.

இதனைக் கல்லூரிகளுக்கும் சர்க்காருக்கும் விட்டுவிட்டு நாம் வாளாவிருத்தல் தகாது. பிரசவங்களில் 99.6 வீதம் ஆஸ்பத்திரிகளில் நடப்பதாக 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு கூறுகிறது, இது பெருமை. அதே ஆய்வில், பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயது வரையுள்ள நம் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை என்றிருக்கிறது, இது சிறுமை. பெருமையைப் பேச மேடைகள் ஏராளம். சிறுமையைப் பேசக் கிராம சபை இருக்கிறது.

தேசத் தொண்டர்களே! அடுத்த கிராம சபைக்குச் செல்லுங்கள். உங்கள் ஊரில் கேள்வி கேட்டுச் சென்ற கல்லூரி எது, அது கண்ட முடிவு என்ன என்று கேளுங்கள். முடிவை வாசித்துக் காட்டும்படி தீர்மானம் நிறைவேற்றி அனுப்புங்கள். உங்கள் ஊர்ச் செவிலியை முன்வரிசையில் அமர்த்தி, அவள் கண்டதைச் சொல்லச் செய்யுங்கள். தெருவிளக்கைப் பற்றியும் சாக்கடையைப் பற்றியும் தீர்மானம் போடத் தெரிந்த நமக்கு, நம் தாய்மாரின் ரத்தத்தைப் பற்றியும் குழந்தைகளின் பற்களைப் பற்றியும் கேட்கத் தெரியாதா? பதில் சொன்னவன் குடியானவன். அதன் பலனைக் கேட்கும் பாத்தியதையும் அவனுடையதே.