விற்கப்போகும் வீட்டுக்குக் கணப்பு எதற்கு?

கிள்ளானில் இருக்கும் தங்கை முறைப் பெண் ஒருத்தி கைப்பேசியில் படம் அனுப்பினாள். வரவேற்பறைச் சுவரில் ‘எலெக்ட்ரிக் ஃபயர்பிளேஸ்’. “அக்கா, வீட்டை விக்கப்போறோம். இதைச் சுவத்துல பதிச்சா நல்ல விலை போகுமா?”

டெரஸ் வீடு, வாங்கி நான்கு ஆண்டு முடிந்துவிட்டது. சீரமைப்புக்குக் கையில் இருப்பது பன்னிரண்டாயிரம் ரிங்கிட். மகளின் கல்லூரிச் சேமிப்பிலிருந்து எடுத்த பணம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. விறகு எரியும் கணப்பைப் பார்க்க நாம் கேமரன் மலைக்கல்லவா ஏறுகிறோம்! ஆனால் இது நிஜ நெருப்பு இல்லை, எல்.இ.டி. வெளிச்சம். அழகுக்கு வைப்பதில் தவறில்லை. வாங்குவதானால் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, சூடு இல்லாமல் சுடர் மட்டும் எரிய வழி இருக்க வேண்டும். இவற்றின் ஹீட்டர் பொதுவாக 1,500 முதல் 2,000 வாட். ஒரு குதிரைசக்தி ஏர்கோன் அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பமே சுமார் 2,600 வாட்தான். இரண்டையும் சேர்த்துப் போட்டால் கட்டணம்தான் ஏறும்.

இரண்டாவது, சுவரைக் குடையாதீர்கள். வாங்க வருபவர் அதே சுவரில் டிவியோ சாமி மேடையோ வைக்க நினைக்கலாம். தனியாக நிற்கும் வகை என்றால், வீடு விற்றதும் நீங்களே எடுத்துப் போகலாம். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கொண்டோவில் இருப்பவர்கள், சுவரில் கை வைக்குமுன் நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள்.

மூன்றாவது, சிரிம் முத்திரை. பிளக்கை நேராகச் சுவர்ப் பிளக் பாயிண்டில் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம். புதிய பாயிண்ட் தேவையென்றால், எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயரிங் குத்தகையாளரை அழையுங்கள்.

இனி வரிக் கணக்கு. மலேசியக் குடிமக்கள் வீட்டை வாங்கி மூன்று ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு சொத்து ஆதாய வரி. நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டிலிருந்து இல்லை. குடியிருந்த வீட்டுக்கு வாழ்நாளில் ஒரு முறை விலக்கும் கேட்கலாம். வீட்டோடு நிலைத்து நின்று மதிப்பைக் கூட்டும் வேலைகளின் செலவை லாபத்திலிருந்து கழிக்கலாம்; ரசீது வேண்டும். தூக்கிக்கொண்டு போகும் சாமான் அதில் சேராது.

அவளிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: “மாடி அறை சீலிங்கில் ஒழுகின கறை இருந்ததே, சரி பண்ணிட்டீங்களா?” பதில் இல்லை. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதைப் பார்த்தவர்கள் நாம். கிள்ளானில் வீடு பார்க்க வருபவர் சுவரில் தண்ணீர்க் கறை இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவார்.

கூரை, வயரிங், குழாய், பிறகு வெள்ளைச் சாயம். இவ்வளவும் முடித்து மிச்சம் இருந்தால் கணப்பு வாங்கட்டும். மிச்சம் இல்லையென்றால், மகளின் பணம் அத்தோடு நிற்கட்டும்.