அவசர காலச் சாப்ட்வேர்: கேட்டதையெல்லாம் கொடுக்க வேண்டுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஒரு சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்திடும் முன், "இதனால் எனக்கு என்ன பயன்?" என்று கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். ஆனால், "என்னைப் பற்றி இது எதையெல்லாம் சேர்த்து வைக்கிறது?" என்ற கேள்வியையும் அதனுடன் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. கோவிட் காலத்தில் ஜெர்மனியில் நடந்ததைப் பார்த்தால் இதற்கான காரணம் புரியும்.

அப்போது அங்கு உணவகங்களுக்குச் செல்பவர்கள் தங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். யாருக்காவது நோய் இருப்பது தெரிந்தால், சுகாதாரத் துறை அந்தத் தாள்களைத் தேடி எடுத்து மற்றவர்களை எச்சரிக்கும். பலர் பொய்ப் பெயர் எழுதினர். சிலர் எழுத்து யாருக்கும் புரியவில்லை. இதற்குத் தீர்வாக, பெர்லின் நகரின் ஸ்டார்ட் அப் நிறுவனம் ஒன்று "லூகா" என்ற மொபைல் அப்ளிகேஷனைக் கொண்டு வந்தது. விவரங்களை ஒரு முறை பதிந்துவிட்டால் போதும். உணவக வாசலில் க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து உள்ளே போய்விடலாம். 2021ல் ஜெர்மனியின் 16 மாநிலங்களில் 13 இதற்குப் பணம் கட்டின. மொத்தச் செலவு சுமார் 2 கோடி யூரோ.

இந்த அவசரத்தை நான் குறை கூற மாட்டேன். தொற்று நோய் பரவும்போது, இரண்டு ஆண்டுகள் சோதித்துவிட்டுத்தான் தருவோம் என்று யாரும் இருக்க முடியாது. அவசரமாக எழுதப்படும் புரோகிராமில் பிழைகள் இருக்கத்தான் செய்யும். லூகாவிலும் இருந்தன. 2021 மே மாதம் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் அதில் ஒரு குறையைக் காட்டினார். பதிவுப் படிவத்தில் விவரங்களுக்குப் பதிலாக எக்ஸெல் பார்முலா ஒன்றை டைப் செய்யலாம். சுகாதார அலுவலகத்தில் அந்தப் பட்டியலை எக்ஸெலில் திறந்து, திரையில் வரும் எச்சரிக்கையைப் படிக்காமல் ஓகே கொடுத்தால், அந்தக் கம்ப்யூட்டரையே தாக்க முடியும். நிறுவனம் இதனைச் சரி செய்தது. இத்தகைய பிழைகளுக்கு அப்டேட் வரும், பிரச்னை தீரும்.

அப்டேட்டினால் தீராத பிரச்னை ஒன்று உண்டு. லூகாவில் விவரங்கள் இரண்டு பூட்டுகள் போட்டது போல் என்கிரிப்ட் செய்யப்பட்டிருந்தன. ஒரு சாவி உணவகத்திடம், மற்றொன்று சுகாதாரத் துறையிடம். நிறுவனத்தால் படிக்க முடியாது என்பதுதான் ஏற்பாடு. ஆனால் 2021 நவம்பரில் மைன்ஸ் நகரில், ஓர் உணவகத்திலிருந்து வெளியே வந்தவர் கீழே விழுந்து, பின்னர் இறந்து போனார். சாட்சிகளைத் தேடிய போலீசார் சுகாதாரத் துறையை அணுகினர். நோய்த் தொற்று ஏற்பட்டது போலக் காட்டி, உணவகத்திடமிருந்து விவரங்கள் பெறப்பட்டன. 21 பேருடைய தகவல்கள் போலீசார் கைக்குப் போயின. நோய்த் தடுப்புக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று சட்டம் சொன்ன தகவல்கள் அவை. 2022 ஜனவரியில் இது வெளியில் தெரிந்தபோது, அரசு வழக்கறிஞர் அலுவலகம் மன்னிப்புக் கேட்டது.

இங்கே யாரும் பூட்டை உடைக்கவில்லை. சாவி வைத்திருந்தவர்களே திறந்து கொடுத்தனர்.

தகவல்களைச் சேர்க்காமல் இந்த வேலையைச் செய்ய வழியே இல்லையா? இருந்தது. ஜெர்மன் அரசு 2020 ஜூனில் வெளியிட்ட கொரோனா வார்ன் அப்ளிகேஷன் பெயரையோ முகவரியையோ கேட்கவில்லை. அருகருகே இருக்கும் போன்கள் புளுடூத் மூலம் ரகசிய எண்களைப் பரிமாறிக் கொள்ளும். அவை அந்தந்த போனிலேயே இருக்கும். நோய் வந்தவர் சம்மதித்துத் தகவல் தந்தால், மற்றவர்களுடைய போன் அவர்களை எச்சரிக்கும். 2021 ஏப்ரலில் உணவகப் பதிவு வசதியும் இதில் சேர்ந்தது. "அப்படியானால் சுகாதாரத் துறைக்குப் பட்டியல் கிடைக்காதே?" என்பீர்கள். உண்மைதான். பட்டியல் வேண்டும் என்று மாநில விதிகள் கேட்டன. லூகா அதனைத் தந்தது. எனவே தவறு ஸ்டார்ட் அப் நிறுவனத்துடையது மட்டும் அல்ல. ஆனால் என் ஓட்டு, பட்டியலே இல்லாத அப்ளிகேஷனுக்குத்தான். இல்லாத பட்டியலை எந்த அதிகாரியும் கேட்டு வாங்க முடியாது.

இது உங்கள் கம்ப்யூட்டருக்கும் பொருந்தும். ஒரு தளத்தில் பதிவு செய்கையில், நட்சத்திரக் குறி இல்லாத கட்டங்களைக் காலியாகவே விடுங்கள். டார்ச் லைட் அப்ளிகேஷன் உங்கள் தொலைபேசிப் பட்டியலைக் கேட்டால் மறுத்துவிடுங்கள். தெரியாதவர் அனுப்பும் எக்ஸெல் பைல் எச்சரிக்கை காட்டினால், படிக்காமல் ஓகே கிளிக் செய்யாதீர்கள். "அவசரம், உடனே பதியுங்கள்" என்று யார் சொன்னாலும், எதற்காகக் கேட்கிறார்கள், எப்போது அழிப்பார்கள் என்று பார்த்துவிட்டுப் பதியுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் செலவழிந்தால் பரவாயில்லை.