தடாகத்துக்கு ஒரு நீதி, பீலிக்கு ஒரு நீதி

தோட்டப்புறங்களின் குடிநீரைப் பற்றிக் கேள்வி எழுப்பினால் வழமையாக ஒரு பதில் கிடைக்கும். "மலைப்பிரதேசம் ஐயா, மழை பெய்தால் தண்ணீர் கலங்கத்தான் செய்யும், என்ன செய்வது?" இந்தப் பதில் பொய் என்பதற்கான சாட்சி அதே மலைகளில் நீல நிறத்தில் கிடக்கிறது.

வெள்ளைத் துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் சில இன்று உல்லாசப் பயணிகளின் விடுதிகளாகிவிட்டன. அவற்றுட் சிலவற்றில் நீச்சல் தடாகங்களும் உண்டு. ஹற்றனை அடுத்த வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அத்தகைய மழை நாட்டில் தடாகத்தைத் தெளிவாக வைத்திருப்பது எளிதன்று. மழைநீர் குளோரினை ஐதாக்கும். சேறும் சருகும் வந்து சேரும். சில நாட்கள் கவனியாது விட்டால் பாசி படரும். ஆகவே நாள்தோறும் வலையால் சருகு அள்ளுகிறார்கள். குளோரின் லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை, அமிலகாரத்தன்மை 7.2 முதல் 7.8 வரை இருக்கிறதா எனச் சோதிக்கிறார்கள். நீரை மணல் வடிகட்டியினூடாகச் செலுத்துகிறார்கள். பெருமழை ஓய்ந்ததும் மீண்டும் குளோரின் இடுகிறார்கள். பன்னிரண்டு மாதமும் இது நடக்கிறது. மழை இதற்குத் தடையாக இருந்ததில்லை.

இனி லயத்துக்கு வாருங்கள். மலையுச்சியில் ஓர் ஊற்று, அதிலிருந்து ஒரு குழாய், கீழே ஒரு பீலி. பல தோட்டங்களில் நீர் வழங்கல் என்பது இவ்வளவுதான். ஊற்றுக்கு மேலே உரமிட்ட தேயிலைச் சரிவு. சில இடங்களில் மாட்டுக் கொட்டில், மலசலகூடம். மழை அனைத்தையும் கழுவிக்கொண்டு குடத்துக்குள் இறக்குகிறது. விடியுமுன் எழுந்து, சமைத்து, பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டுக் கொழுந்து பறிக்க ஓடும் தாய்தான் விறகு தேடி அந்த நீரைக் கொதிக்க வைக்க வேண்டும். அதற்கும் அவளுக்கே புத்திமதி சொல்கிறோம்!

செலவு அதிகம் என்பார்கள். கணக்குப் பார்ப்போம். தெளிந்த நீராயின், 10,000 லீற்றர் தாங்கி ஒன்றுக்கு லீற்றருக்கு 2 மில்லிகிராம் வீதம் குளோரின் இடுவதற்கு, 70 வீதச் செறிவுள்ள தூள் ஏறத்தாழ 30 கிராம் போதும். கலங்கிய நீரில் குளோரின் மட்டும் பயன் தராது என்பது உண்மையே. அதற்கு முன் அடைய விட்டு, மணலில் வடிக்க வேண்டும். மணல் வடிகட்டி தடாகத்துக்குக் கிடைக்கிறதே, பீலிக்கு ஏன் கிடைக்கவில்லை?

இன்னொன்றையும் கவனியுங்கள். கெசல்கமுவ ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் இந்தத் தேயிலை மலைகளினூடாக இறங்கி, ஒன்றுசேர்ந்து களனி கங்கையாகின்றன. அந்த நீரை அம்பத்தலையில் சுத்திகரித்துத்தான் கொழும்பு மக்கள் குடிக்கிறார்கள். ஆற்றின் தலைமாட்டில் இருப்பவனுக்கு இல்லாத சுத்திகரிப்பு, கால்மாட்டில் இருப்பவனுக்கு உண்டு.

யார் பொறுப்பு? கம்பனியைக் கேட்டால் அரசாங்கம் என்கிறது. அரசாங்கத்தைக் கேட்டால் கம்பனி என்கிறது. தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது முதல் நடக்கும் பந்தாட்டம் இது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குச் சபை நிதியைச் செலவிட முடியாதபடி தடுத்துவந்தது. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் இரண்டும் ஆறாகப் பிரிக்கப்பட்டன. சட்டம் தடுக்கிறது என்ற சாட்டு அன்றே செத்துவிட்டது. அந்தச் சபைகளுக்கு வாக்குக் கேட்டு வருபவர்கள் அதன் பிறகு எத்தனை தாங்கிகளைச் சுத்திகரித்தார்கள் என்று கணக்குக் காட்டட்டும்.

தடாகங்களை மூடச் சொல்லவில்லை. சுற்றுலா எமது இளைஞருக்கு வேலை தருகிறது, தரட்டும். கேட்பது மூன்றே மூன்று: ஒவ்வொரு தோட்டத் தாங்கிக்கும் ஒரு வடிகட்டி, அதைக் கவனிக்கச் சம்பளம் பெறும் ஒருவர், அன்றாடச் சோதனை முடிவை எழுதித் தொங்கவிட ஒரு பலகை. விடுதித் தடாகத்துக்கு இம்மூன்றும் இருக்கின்றன.

குடிநீர் மனித உரிமை என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 ஜூலை 28 அன்று தீர்மானித்தது. விடுதியில் காலையில் தடாகத்து நீரைச் சோதித்துவிட்டு, மாலையில் லயத்துக்குத் திரும்பிச் சோதிக்காத நீரைத் தன் பிள்ளைக்கு ஊற்றிக் கொடுக்கும் இளைஞனுக்கு அந்தத் தீர்மானத்தை யார் வாசித்துக் காட்டுவது?