செல்லாக் காசு ஆக்கியது யார்?



ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலை நமது கடையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். கிரிவலப் பாதையில் கற்பூரமும் அகல் விளக்கும் விற்கும் மூதாட்டி ஒருவர் சரக்கு வாங்க வந்தார். இரவு முழுவதும் கண் விழித்து விற்ற களைப்பு முகத்தில் தெரிந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கல்லாவின் முன்னால் கொட்டினார். பாதிக்குப் பாதி பத்து ரூபாய் நாணயங்கள்.

"ஆயா, இது இங்க போகாது. நோட்டா இருந்தா குடுங்க" என்றோம்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. "சாமி உண்டியல்ல போட்டா போகுது, உன் கடையில மட்டும் ஏன் நைனா போகல?" என்று கேட்டார்.

நமக்குப் பதில் வரவில்லை. அன்று அந்தக் காசுகளை எண்ணி வாங்கிக்கொண்டோம். ஆனால் அதற்கு முன்பு எத்தனை பேரை இப்படித் திருப்பி அனுப்பியிருப்போம் என்று எண்ணிப் பார்த்தபோது வெட்கமாகத்தான் இருந்தது. ஆகவே இதில் எழுதும் குறை எதுவும் பிறர்மீது சாட்டும் குறையல்ல. நம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.

பத்து ரூபாய் நாணயம் மக்கள் கைக்கு வந்தது 2009இல். இரண்டு உலோகங்களைச் சேர்த்துச் செய்த, 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள காசு. வந்த சில ஆண்டுகளில் ஒரு வதந்தியும் கூடவே கிளம்பியது. பத்துக் கோடு இருந்தால் நல்ல காசு, பதினைந்து கோடு இருந்தால் கள்ளக் காசு. ரூபாய்க் குறியீடு இருந்தால் செல்லும், இல்லாவிட்டால் செல்லாது என்றார்கள். யார் சொன்னது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

உண்மை மிக எளிது. தமிழரான உதயகுமார் வரைந்த ரூபாய்க் குறியீட்டை அரசு ஏற்றுக்கொண்டதே 2010இல்தான். அது நாணயத்தில் இடம்பெற்றது 2011 முதல். அதற்கு முன்பு அச்சடித்த காசில் அந்தக் குறி எப்படி இருக்கும்? பிறகு அம்பேத்கர் 125ஆவது பிறந்த ஆண்டு, நாடாளுமன்றத்தின் 60 ஆண்டு என்று நினைவு நாணயங்களும் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம். இந்தப் பல முகங்களே மக்களுக்குச் சந்தேகத்தை உண்டாக்கின. ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிக்கை விட்டது: அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும், தயக்கமின்றி வாங்கிக்கொள்ளலாம் என்று. 14440 என்ற எண்ணுக்கு அழைத்தால் பதிவு செய்த குரலில் விளக்கம் கிடைக்கும் ஏற்பாட்டையும் அப்போது செய்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. காசில் ஆண்டுக்குக் கீழே பாருங்கள். வைரம் போன்ற குறி இருந்தால் மும்பையில் அச்சடித்தது. நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத். புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. குறி இல்லாத காசைக் கண்டு பயந்தவர்கள், அது கொல்கத்தாவிலிருந்து வந்தது என்று அறிந்தால் சிரித்துவிடுவார்கள்.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட மதிப்பும் உள்ள நாணயங்கள் 1,000 ரூபாய் வரை சட்டப்படி செல்லுபடியாகும். அரசு நிறுத்தியது 25 காசையும் அதற்குக் கீழ்ப்பட்டவற்றையும்தான். அது 2011 ஜூன் 30ஆம் தேதியோடு முடிந்தது. 50 காசை அரசு நிறுத்தவேயில்லை, கடைத்தெருவே நிறுத்திவிட்டது! பத்து ரூபாய்க்கும் அதே கதியை உண்டாக்கப் பார்த்தோம்.

அப்படியானால் தடை எங்கே இருந்தது? பெட்டிக்கடைக்காரரைக் கேட்டால், மளிகைக் கடையில் வாங்குவதில்லை என்றார். மளிகைக் கடைக்காரரைக் கேட்டால், மொத்த வியாபாரி வாங்குவதில்லை என்றார். மொத்த வியாபாரியோ, வங்கியில் முகம் சுளிக்கிறார்கள் என்றார். பேருந்தில் கேட்டால், பயணிகளே திருப்பி வாங்க மறுக்கிறார்கள் என்றார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டினோம். கிரிவலம் போல இந்தப் பேச்சும் சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. இதே காசு சென்னையில் கை மாறிக்கொண்டிருந்தது. இங்கே நமது கடை வாசலில் அது செல்லாக் காசாகிவிட்டது. இன்றும் சில கடைகளில் தயக்கம் போகவில்லை.

கள்ளக் காசே கிடையாது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் 500 ரூபாயிலும் கள்ள நோட்டு உண்டு. அதற்காக 500 ரூபாய் நோட்டே வேண்டாம் என்று எந்தக் கடையிலாவது பலகை மாட்டியிருக்கிறோமா? தடவிப் பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து வாங்கிக்கொள்கிறோம். பெரிய நோட்டுக்கு உள்ள பொறுமை சின்னக் காசுக்கு இல்லாமல் போனது ஏன்? கொடுப்பவர் ஏழை என்பதாலா?

மற்றொன்றையும் எண்ணிப் பாருங்கள். இன்று நமது கல்லாவில் கட்டம் கட்டமாக ஓர் அட்டை நிற்கிறது. 1994இல் ஜப்பானில் மோட்டார் வாகன உதிரிபாகங்களுக்காகக் கண்டுபிடித்த அடையாளக் குறி அது. 2016இல் யுபிஐ வந்த பிறகு நமது ஊர்ப் பூக்கடை வரை வந்துவிட்டது. சின்னப் பெட்டி ஒன்று பத்து ரூபாய் வந்தது என்று குரல் கொடுத்தால் உடனே நம்பிப் பொட்டலத்தை நீட்டுகிறோம். கண்ணால் காணாத பணத்தை நம்புகிறோம்; சிங்கமுத்திரை பதித்துக் கையில் கனக்கும் பணத்தைச் சந்தேகிக்கிறோம். புதுமை நல்லதே, நாம் அதற்கு எதிரியல்ல. ஆனால் செல்பேசி இல்லாதவரும், வங்கிக் கணக்கில் காசு நில்லாதவரும் நமது வாடிக்கையாளர்களே. அவர்களுடைய பணம் இந்தக் காசுதான்.

காசு என்ற சொல்லே நம்முடையது. தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயங்களை ஐரோப்பிய வணிகர்கள் 'கேஷ்' என்று அழைத்தார்கள். அந்தப் பெயர் நமது 'காசு'விலிருந்து போர்ச்சுகீசியர் வழியாகப் போனது. உலகத்துக்குப் பெயர் கொடுத்த காசை, சொந்த ஊரில் நாமே தள்ளிவைக்கலாமா?

இதனால் நமக்கும் நட்டமே. சில்லறை இல்லை என்று மிட்டாய் கொடுத்து அனுப்பும் பழக்கம் எத்தனை வாடிக்கையாளர்களின் மனத்தைக் கசக்கச் செய்திருக்கிறது! கிழிந்து எண்ணெய்ப் பிசுக்கேறிய பத்து ரூபாய் நோட்டை ஒட்டி ஒட்டி மாற்றுகிறோம். பல ஆண்டுகள் உழைக்கும் காசு உண்டியலிலும் அஞ்சறைப் பெட்டியிலும் முடங்கிக் கிடக்கிறது. பௌர்ணமிதோறும் ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் அடியார்கள் வருகிறார்கள். அவர்கள் நீட்டும் காசை மறுத்தால், திருவண்ணாமலைக் கடைகளைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள்?

இதற்கு வழி மேலேயிருந்து தொடங்க வேண்டும் என்பது நமது கருத்து. மொத்த வியாபாரிகள் முதலில் முன்வர வேண்டும். சில்லறைக் கடைக்காரர் கொள்முதல் பணத்தில் 1,000 ரூபாய் வரை நாணயமாகக் கொடுத்தால், ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள். சேர்ந்த காசை நூறு நூறாகப் பையில் கட்டி வங்கிக்கு எடுத்துச் செல்லுங்கள். நூறு நாணயங்களாகக் கட்டிய பைகளைப் பெறுவது எளிது என்று ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. எல்லாக் கிளைகளும் நாணயங்களை ஏற்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியிருக்கிறது. ஒரு கிளையில் மறுத்தால், தனித்தனியே சண்டை போட வேண்டாம். சங்கத்தின் மூலம் எழுத்தில் கேட்போம். சில்லறைக் கடைக்காரர்கள், பத்து ரூபாய் நாணயம் இங்கே வாங்கப்படும் என்று கல்லாவின் மேல் ஓர் அட்டை எழுதி வையுங்கள். வாங்குவதோடு நிறுத்தாமல் மீதி கொடுக்கும்போதும் கொடுங்கள். வாடிக்கையாளர் தயங்கினால், நாளைக்கு நம் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தைக்கு எந்த அறிக்கையையும்விட மதிப்பு அதிகம்.

அரசாங்கம் காசை அச்சடிக்கலாம். அதைச் செல்ல வைப்பது கடைக்காரரின் கை. அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள் அந்த மூதாட்டி முந்தானையை அவிழ்க்கும்போது, எந்தக் கடை வாசலிலும் அவர் கூச்சப்பட்டு நிற்க வேண்டிய நிலை வரலாகாது. அதற்கு நமது ஊரின் ஒவ்வொரு கல்லாவும் பொறுப்பு.