பெட்டிக்குள் பத்திரமாய்ச் சாகும் கணினிகள்

பழைய கணினிகளை வாங்கி விற்கும் இணையச் சந்தைகளில் அடிக்கடி கண்ணில் படுகிற ஒரு விளம்பர வாசகம் உண்டு. இருபது முப்பது வருஷமாகப் பரணில் பத்திரமாக இருந்தது, திருகாணியைக்கூடத் தொட்டதில்லை என்கிற ரீதியில் இருக்கும். விற்பவர் இதைப் பெருமையாகத்தான் எழுதுகிறார். வாங்குகிறவரும் "கை படாத சரக்கு" என்று கூடுதல் விலை கொடுக்கிறார். ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருப்பது கமடோர் நிறுவனத்தின் அமிகா 500 பிளஸ் என்றால், விஷயம் தெரிந்தவர்களுக்கு அந்த வாசகத்தைப் படித்ததுமே வயிற்றைக் கலக்கும். ஏன் என்று பார்ப்போம்.

அமிகாவைத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1985-ல் முதல் அமிகா வெளிவந்தது. மற்ற கணினிகள் பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்த காலத்தில் 4096 வண்ணங்களும் நான்கு சேனல் ஸ்டீரியோ ஒலியும் தந்த எந்திரம். 1987-ல் வந்த அமிகா 500, கீபோர்டும் கணினியும் ஒரே பெட்டியில் இருக்கும் வீட்டு உபயோக மாடல். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் சக்கைப்போடு போட்டது. 1991-ல் அதன் திருத்திய பதிப்பாக 500 பிளஸ் வந்தது. மறு வருஷமே அமிகா 600 அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1994 ஏப்ரலில் கமடோர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டது. கதை முடிந்தது.

முடிந்த கதையில் ஒரு சின்ன வில்லன் மட்டும் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் பெயர் நிக்கல் காட்மியம் பேட்டரி. சுண்டுவிரல் அளவு உருளை.

பழைய அமிகா 500-ல் கடிகாரம் கிடையாது. தேதியும் நேரமும் வேண்டுமென்றால் தனியாக ஒரு நினைவக அட்டை வாங்கி அடிப்பக்கக் கதவைத் திறந்து செருக வேண்டும். அந்த அட்டையில்தான் கடிகாரமும் பேட்டரியும் இருந்தன. பேட்டரி கெட்டால் அடி அந்த அட்டைக்கு. 500 பிளஸ் செய்தபோது கடிகாரத்தையும் பேட்டரியையும் நேராக மதர்போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்கள். அமிகா 2000, 3000, 4000 மாடல்களிலும் பேட்டரி மதர்போர்டில்தான். 2000-ல் மூளையான 68000 சிப்புக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். வேறு இடமே கிடைக்கவில்லை போலும்!

கணினி ஓடும்போதெல்லாம் இந்தப் பேட்டரிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் ஏறும். பரணில் ஏற்றிவிட்டால் அது நின்றுபோகும். வருஷங்கள் போகப் போக, பேட்டரியின் மூடிப்பகுதி விட்டுக்கொடுத்து உள்ளிருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெளியே கசியும். கடுமையான காரம் அது. செம்புத் தடங்களின் மேலே பூசியிருக்கும் பச்சைப் பூச்சுக்கு அடியில் நுழைந்து ஊர்ந்து போகும். சிப்களைச் செருகும் சாக்கெட்டுகளுக்குள் போகும். போர்டின் மேல் பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் இணைக்கும் நுண்துளைகளுக்குள் போகும். செம்பில் களிம்பு ஏறும். அப்புறம் செம்பே இருக்காது. பேட்டரி கழற்றாமலே கிடந்த 500 பிளஸ் ஒன்றில் இன்னும் கசிவு இல்லை என்றால் அது அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

ஆக, நேரம் காட்டுவதற்காக வைத்த பொருள், பெரும்பாலானவர்கள் விளையாட மட்டுமே பயன்படுத்திய, நேரத்தைத் திரும்பிப் பார்க்காத ஒரு எந்திரத்தைத் தின்றுகொண்டிருக்கிறது.

வணிகவியல் முதல் வருஷக் கணக்குப்பதிவியலில் தேய்மானம் என்று ஒரு பாடம் வரும். சொத்து ஏன் மதிப்பிழக்கிறது? பயன்படுத்துவதால், காலம் கடப்பதால், புதுசு வந்து பழசு வழக்கொழிந்து போவதால். தேர்வுக்கு மூன்றையும் மனப்பாடம் செய்து எழுதிவிடுவார்கள். ஆனால் நடைமுறையில் மனிதர்கள் நம்புவது முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும்தான். "உபயோகிக்காமல் வைத்திருக்கிறேன், அதனால் கெடாது" என்பது அந்த இரண்டாவது காரணத்தை மறந்த பேச்சு. அமிகா 500 பிளஸ் அந்த இரண்டாவது காரணத்துக்குப் பாடப்புத்தகத்தில் சேர்க்கத்தக்க உதாரணம். தினமும் அடித்து விளையாடி, கீபோர்டில் எழுத்து அழிந்து, ரிப்பேருக்காக நாலு தடவை திறக்கப்பட்ட எந்திரத்தில் யாராவது ஒரு தடவையாவது அந்தப் பேட்டரியைப் பார்த்திருப்பார்கள், வெட்டிப் போட்டிருப்பார்கள். பொக்கிஷமாகப் பொத்தி வைத்ததுதான் செத்துப்போகிறது.

சரி, மோசமாக அரிக்கப்பட்ட ஒரு போர்டு கையில் கிடைத்தால் என்ன செய்வது? குப்பையில் போடலாமா?

முதல் விதி: மின்சாரம் கொடுத்துப் பார்க்காதீர்கள். "ஓடுதா பார்க்கலாம்" என்கிற ஆசை எல்லோருக்கும் வரும். கசிந்த உப்புப் படிவின் வழியே எங்கே எது எதோடு தொட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரியாத நிலையில் சுவிட்சைப் போட்டால், அதுவரை பிழைத்திருந்த சிப்பும் போகும்.

அடுத்தது பேட்டரியை வெட்டி எடுப்பது. பிறகு கழுவல். கசிந்தது காரம் என்பதால் மெல்லிய அமிலத்தால்தான் அதை முறிக்க வேண்டும். வினிகர் போதும். செம்புக் குடத்தைப் புளி போட்டு விளக்குகிற பாட்டிக்கு இந்த வேதியியலில் பாதி ஏற்கெனவே தெரியும் :-) அதற்காகப் போர்டில் புளியைத் தேய்த்துவிட வேண்டாம். வினிகருக்குப் பின் தண்ணீர், தண்ணீருக்குப் பின் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், பின் நன்றாகக் காயவிடுதல்.

அதற்கப்புறம்தான் உண்மையான வேலை. அரித்த சாக்கெட்டுகளைக் கழற்ற வேண்டும். பூச்சு கருத்துப்போன இடங்களைச் சுரண்டிச் செம்பு தெரிகிறதா பார்க்க வேண்டும். சர்க்யூட் படத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, மல்டிமீட்டரால் ஒவ்வொரு தடத்தையும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சோதிக்க வேண்டும். பீப் வந்தால் தடம் உயிரோடு இருக்கிறது. வராவிட்டால் மெல்லிய கம்பியால் பாலம் போட வேண்டும். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற தடம் நுண்துளைக்குள் அறுந்திருக்கும். அதனால் கண்ணை நம்பக் கூடாது, மீட்டரைத்தான் நம்ப வேண்டும்.

இதில் ரிப்பேர்காரருக்கு இரண்டு பெரிய உதவிகள் உண்டு. ஒன்று, கமடோர் தன் சர்வீஸ் மேனுவல்களில் முழு சர்க்யூட் படத்தையும் அச்சிட்டது. எந்தக் கால் எங்கே போகிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. இரண்டு, அமிகா தன் நோயைத் தானே சொல்லும். சுவிட்சைப் போட்டதும் சுயபரிசோதனை செய்துகொள்ளும். திரை சிவப்பாக நின்றால் ராம் அல்ல, ரோம் சிப்பில் கோளாறு. பச்சையாக நின்றால் ராம். நீலம் என்றால் அதன் பிரத்யேகச் சிப்களில் ஒன்று. மஞ்சள் என்றால் பிழையைக் கையாளும் நிரல் தயாராவதற்கு முன்பே பிராசசர் தடுக்கி விழுந்துவிட்டது. இதுவும் போதாதென்று ஆர்வலர்கள் எழுதிய டயாக்ரோம் என்ற பரிசோதனை ரோம் சிப் இருக்கிறது. அசல் ரோமை எடுத்துவிட்டு இதைச் செருகினால் ஒவ்வொரு பாகமாகச் சோதித்துச் சொல்லும்.

கடைசியில் கடிகாரம் வேண்டுமென்றால் லித்தியம் பட்டன் செல் போடலாம். ஒரு டையோடும் சேர்த்துப் போட வேண்டும். ஏனென்றால் போர்டு இன்னமும் அந்த இடத்துக்குச் சார்ஜ் அனுப்பிக்கொண்டிருக்கும், பட்டன் செல்லோ சார்ஜ் ஏற்றக் கூடாதது. கடிகாரமே வேண்டாம் என்றால் இடத்தைக் காலியாக விட்டுவிடலாம். கணினி ஓடுவதற்கு அந்தப் பேட்டரி தேவையே இல்லை என்பதுதான் இந்தக் கதையின் வேடிக்கை.

இங்கே இரண்டு எதிர்வாதங்கள் வரும்.

முதலாவது, சேகரிப்பவர்களின் வாதம். திறந்தால், வெட்டினால், கம்பி ஒட்டினால் அது அசல் இல்லை, மதிப்பு போய்விடும் என்பார்கள். சந்தை மதிப்பு குறையலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் எதன் மதிப்பு? வெளியே பளபளக்கும் அட்டைப்பெட்டியின் மதிப்பு. உள்ளே போர்டு கரைந்துகொண்டிருப்பது விலைச்சீட்டில் தெரியாது. நிறுவனத்தின் கணக்கில் சரக்கிருப்பைக் காட்டிவிட்டுக் கிடங்கைத் திறந்து பார்க்காத தணிக்கையாளரை யாராவது நல்ல தணிக்கையாளர் என்பார்களா?

"அசல்" என்பதற்கு ஒரு கறாரான அளவுகோல் வைக்கலாம். மறுபடி செய்ய முடிந்ததை மாற்றலாம், மறுபடி செய்ய முடியாததைக் காப்பாற்ற வேண்டும். சாக்கெட், கெபாசிட்டர், கம்பி எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைக்கும். சில அமிகா மதர்போர்டுகளையே ஆர்வலர்கள் மறுபடி வரைந்து வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் ஆக்னஸ், டெனிஸ், பாவ்லா என்று பெயரிட்ட அந்தப் பிரத்யேகச் சிப்களைச் செய்த ஆலை இன்று இல்லை. எனவே காப்பாற்றவே முடியாத போர்டிலிருந்து சிப்களை எடுத்துப் புதிய போர்டில் வைப்பது கொலை ஆகாது, உறுப்பு தானம். நன்றாக ஓடும் எந்திரத்தைச் சிப்களுக்காகப் பிரித்து விற்பதுதான் கொலை.

இரண்டாவது வாதம், எமுலேட்டர் இருக்கும்போது இந்த வேலை எதற்கு என்பது. நியாயமான கேள்வி. விளையாட மட்டும் ஆசை என்றால் எமுலேட்டர் போதும், பரணைத் தொட வேண்டாம். ஆனால் எமுலேட்டர் எழுதுகிறவர் "அசல் இந்த இடத்தில் என்ன செய்யும்?" என்று சந்தேகம் வந்தால் எதனிடம் கேட்பார்? ஓடுகிற அசலிடம்தான். நகல் சரியா என்று பார்க்க மூலம் உயிரோடு இருக்க வேண்டும்.

பத்திரமாக வைத்ததற்கும் காப்பாற்றியதற்கும் உள்ள வித்தியாசத்துக்கு அமிகா சரித்திரத்திலேயே அருமையான சாட்சி இருக்கிறது. ஓவியர் ஆண்டி வார்ஹால் 1985-ல் நியூயார்க்கில் நடந்த அமிகா அறிமுக விழா மேடையில் பாடகி டெபி ஹேரியை அமிகாவில் வரைந்து காட்டினார். அவர் 1987-ல் இறந்த பிறகு அவருடைய ஃப்ளாப்பிகள் பிட்ஸ்பர்க்கில் உள்ள அவர் பெயரிலான அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பத்திரமாகத்தான் இருந்தன. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் அதே ஊரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினி மன்றத்தினர் அவற்றைப் படித்து, வழக்கொழிந்த கோப்பு வடிவத்தையும் உடைத்து, அவர் வரைந்த படங்களை வெளியே கொண்டுவந்தார்கள். 2014-ல் உலகம் பார்த்தது. கண்ணாடிப் பெட்டி அந்தப் படங்களைத் திருட்டிலிருந்து காத்தது, மறதியிலிருந்து காத்தது ஒரு கல்லூரி மன்றம்.

இன்னொரு பக்கம், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து கிராண்ட் ராப்பிட்ஸ் பள்ளிகள். அங்கே 19 பள்ளிகளின் வெப்பமூட்டும், குளிரூட்டும் வசதிகளை 1980-களின் அமிகா ஒன்றுதான் இயக்குகிறது என்று 2015-ல் செய்தி வந்தது. அதற்கான நிரலை எழுதியவர் அப்போது பள்ளி மாணவர். கோளாறு வந்தால் அதே ஊரில் இருந்த அவரைத்தான் கூப்பிட்டார்களாம். மாற்று ஏற்பாட்டுக்கு 15 முதல் 20 லட்சம் டாலர் ஆகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். கமடோர் திவாலாகி 21 வருஷம் கழித்து, புத்தக மதிப்பு எப்போதோ பூஜ்யமாகிவிட்ட பெட்டி அது! அதைக் கவனிக்க ஆள் இருந்தார், ஓடியது.

நம் பக்கத்தில் அமிகா அரிது. ஆனால் அதே மாதிரி உருளைப் பேட்டரி அந்தக் காலத்து 286, 386, 486 மதர்போர்டுகள் பலவற்றிலும் உண்டு. அப்படி ஒன்று யார் வீட்டிலாவது, பழைய ஆபீஸ் அறையிலாவது சாக்குக்குள் கிடக்கலாம். ரிப்பேர் செய்யத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நாலு திருகாணி, ஒரு கட்டர், பத்து நிமிஷம். பேட்டரியை வெட்டியெடுத்து வெளியே போட்டுவிட்டு, மறுபடி மூடி, வேண்டுமானால் பரணிலேயே வைத்துவிடுங்கள். மிச்ச வேலையை எப்போதாவது, யாராவது, மல்டிமீட்டரோடு வந்து பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் வரும்போது போர்டில் செம்பு மிச்சம் இருக்க வேண்டும்.