தேவாஸ் வழக்கு: பன்னாட்டுச் சட்டத்தின் கதவு யாருக்குத் திறக்கிறது?

2005 ஜனவரி 28 அன்று பெங்களூருவைச் சேர்ந்த இரண்டு நிறுவனங்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஒன்று, விண்வெளித் துறையின் கீழுள்ள பொதுத்துறை நிறுவனமும் இஸ்ரோவின் வணிகப் பிரிவுமான ஆன்ட்ரிக்ஸ். மற்றொன்று, அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் பதிவு செய்யப்பட்டிருந்த தேவாஸ் மல்டிமீடியா. இரண்டு செயற்கைக்கோள்களின் எஸ்-பேண்ட் திறனில் 90 விழுக்காட்டைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குத் தேவாஸுக்குக் குத்தகைக்கு விடுவதே ஒப்பந்தத்தின் சாரம். ஏலம் எதுவும் நடக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பின், 2025 ஜூன் 5 அன்று, இந்தத் தகராறில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆன்ட்ரிக்ஸ் போன்ற அந்நிய அரசு நிறுவனத்தை அமெரிக்க நீதிமன்றத்துக்கு இழுக்க, அந்த நிறுவனத்துக்கு அமெரிக்காவோடு குறைந்தபட்சத் தொடர்பேனும் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை, அந்நிய அரசுகளின் இறையாண்மைக் காப்பு குறித்த அந்நாட்டுச் சட்டத்தில் இல்லை என்பதே அத்தீர்ப்பு. மற்ற வாதங்கள் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டன.

இடையில் நடந்ததைச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். அலைக்கற்றை முறைகேடுகள் நாட்டையே உலுக்கிய வேளையில், 2011 பிப்ரவரியில் அன்றைய ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு, பாதுகாப்புத் தேவைகளைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்தது. அதைத் தொடர்ந்து மூன்று தனித்தனி வழக்குகள் முளைத்தன. ஒப்பந்தத்தின் அடிப்படையில் தேவாஸ் தொடுத்த வழக்கில், பன்னாட்டு வணிகக் கழகத்தின் நடுவர் மன்றம் 2015இல் 56.25 கோடி டாலரை வட்டியோடு வழங்கச் சொன்னது. தேவாஸில் பணம் போட்டிருந்த மொரீஷியஸ் நிறுவனங்கள், இந்திய–மொரீஷியஸ் முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் கீழ் இந்திய அரசின் மீதே வழக்குத் தொடுத்தன. ஜெர்மனியின் டாய்ச்சே டெலிகாம் நிறுவனம், சிங்கப்பூர் துணை நிறுவனத்தின் வழியாக வாங்கிய பங்குகளுக்காக, இந்திய–ஜெர்மனி ஒப்பந்தத்தைக் கையில் எடுத்தது. வழக்குகள் மூன்று, நிகழ்ந்த செயலோ ஒன்றே.

அந்த ஒரே செயலை நடுவர்கள் எப்படி அளந்தார்கள் என்பது கவனத்துக்குரியது. அலைக்கற்றையில் 60 விழுக்காட்டை எடுத்துக்கொண்டது பாதுகாப்பு நலனுக்காக, எஞ்சிய 40 விழுக்காட்டை எடுத்தது சட்டவிரோதப் பறிமுதல் என்று மொரீஷியஸ் வழக்கின் நடுவர்கள் பெரும்பான்மையாக 2016இல் முடிவு செய்தார்கள். டாய்ச்சே டெலிகாம் வழக்கின் நடுவர்களோ பாதுகாப்பு என்ற வாதத்தையே ஏற்கவில்லை. ஒரு நாட்டின் பாதுகாப்புத் தேவை எத்தனை விழுக்காடு என்பதை, எந்த மக்களுக்கும் பதில் சொல்லக் கடமைப்படாத மூவர் அமர்ந்து கணக்கிடுகிறார்கள். மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

இதைச் சொல்வதால் பெங்களூருவில் நடந்த பேரத்தை நியாயப்படுத்திவிட முடியாது. தேவாஸை உருவாக்கியவர்களில் இஸ்ரோவின் முன்னாள் அதிகாரிகளும் இருந்தனர். மத்தியப் புலனாய்வுத் துறை 2016இல் இஸ்ரோவின் முன்னாள் உயர் அதிகாரிகள் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு 2021 மே மாதம் தேவாஸைக் கலைக்க உத்தரவிட்டது. அந்நிறுவனம் மோசடிக்காகவே தொடங்கப்பட்டது என்ற முடிவை இந்திய உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரி 17 அன்று உறுதி செய்தது. முதலீடாக வந்த 579 கோடி ரூபாயில் பெரும்பகுதி வெளிநாட்டுக்கே திரும்பிச் சென்றதையும் சுட்டிக்காட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில் தில்லி உயர் நீதிமன்றம் 2015ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்பை ரத்து செய்தது. ஆனால் முதலீட்டாளர்கள் நிற்கவில்லை. 2021 இறுதியிலேயே கனடாவின் கியூபெக் மாகாணத்தில், விமானப் போக்குவரத்துச் சங்கத்திடம் இருந்த ஏர் இந்தியாவின் பணத்தின் மீது கை வைத்திருந்தார்கள். இந்திய நீதிமன்றங்கள் மோசடி என்று தீர்ப்பளித்த பின்னரும் பிற நாடுகளில் வழக்குகள் தொடர்ந்தன.

சட்டக் கல்லூரிகளில் பொதுப் பன்னாட்டுச் சட்டம் என்றும் தனியார் பன்னாட்டுச் சட்டம் என்றும் இரண்டு பாடங்கள் உண்டு. முன்னது அரசுகளுக்கு இடையிலானது. பின்னது எல்லை கடந்த வணிகத் தகராறுகளுக்கு உரியது. தேவாஸ் வழக்கில் இந்தச் சுவர் மூலதனத்தின் வசதிக்கு ஏற்ப நகர்கிறது. ஒப்பந்தம் ரத்தானபோது, அது ஓர் இறையாண்மை அரசின் செயல், ஆகவே உடன்படிக்கை மீறல் என்று வாதம். பணத்தை வசூலிக்க வரும்போது, ஆன்ட்ரிக்ஸ் வெறும் வணிக நிறுவனம், அதற்கு இறையாண்மைக் காப்பு கிடையாது என்று வாதம். ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்த பி.எஸ். சிம்னி, பன்னாட்டுச் சட்டத்தை வர்க்க நோக்கில் ஆராய்ந்த தமது நூல்களில், இத்தகைய பிரிவினைகள் யாருக்குப் பயன்படுகின்றன என்று கேட்கக் கற்றுத்தந்தார். இலங்கையில் பிறந்து சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எம். சொர்ணராஜா, முதலீட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை மூன்றாம் உலகின் கோணத்திலிருந்து பல பத்தாண்டுகளாக விமர்சித்து வருகிறார். இந்த ஆய்வுகள் பல்கலைக்கழகச் சுவர்களுக்கு வெளியே வந்து, தொழிற்சங்க வகுப்புகளில் படிக்கப்பட வேண்டியவை.

தொழிலாளிக்கும் ஏழைக்கும் அதே கதவு எப்படி இருந்தது என்பதற்குப் போபால் சாட்சி. 1984 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற நச்சுவாயுவுக்கு யூனியன் கார்பைடு பொறுப்பேற்க வேண்டும் என்று இந்திய அரசே நியூயார்க் நீதிமன்றத்தின் படியேறியது. அது அமெரிக்க நிறுவனம். அமெரிக்க மண்ணில் தலைமையகம் கொண்டது. இருந்தும் 1986 மே மாதம், இந்த வழக்கை விசாரிக்கத் தகுந்த இடம் இந்தியாவே என்று நீதிபதி ஜான் கீனன் திருப்பி அனுப்பினார். 1989இல் 47 கோடி டாலரில் சமரசம் முடிந்தது. தேவாஸுக்குக் கிடைத்ததோ, வட்டி நீங்கலாகவே, 56.25 கோடி டாலர். பணத்தின் மதிப்பு இடைப்பட்ட ஆண்டுகளில் மாறியிருக்கிறது என்பது உண்மை. ஆயினும் ஒரு பக்கம் சடலங்கள். மறுபக்கம் விண்ணுக்கே போகாத ஒரு சேவை.

தமிழர்கள் மறக்கக்கூடாத இன்னொரு வழக்கும் உண்டு. இருதரப்பு முதலீட்டு ஒப்பந்தம் ஒன்றின் கீழ் ஒரு நிறுவனம் ஓர் அரசின் மீது தொடுத்த முதல் வழக்கு, மட்டக்களப்பைப் பற்றியது. 1987 ஜனவரியில் இலங்கைப் படையினர் அங்கே ஓர் இறால் பண்ணையை அழித்தார்கள். பண்ணைத் தொழிலாளர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பண்ணையில் பங்கு வைத்திருந்த ஹாங்காங் நிறுவனத்துக்கு 1990இல் 4,60,000 டாலர் இழப்பீடு கிடைத்தது. மாண்டவர்களின் குடும்பங்கள் அந்த மன்றத்தில் ஒரு தரப்பாகவே இல்லை. இருக்கவும் முடியாது, உடன்படிக்கை காப்பது முதலீட்டாளரை மட்டுமே.

2022 தீர்ப்பு வந்த மறுநாளே நிதியமைச்சர் பழி முழுவதையும் காங்கிரஸ் மீது போட்டார். பேரம் காங்கிரஸ் ஆட்சியில் நடந்தது என்பது சரிதான். ஆனால் முதலீட்டாளர்கள் ஏந்திய ஆயுதங்களை வார்த்துக் கொடுத்தவர்கள் யார்? ஜெர்மனி ஒப்பந்தம் 1995இல் நரசிம்ம ராவ் ஆட்சியில் கையெழுத்தானது; மொரீஷியஸ் ஒப்பந்தம் 1998இல் வாஜ்பாய் ஆட்சியில். தொடர்ந்து அடிவாங்கிய பிறகு, மோடி அரசு ஐம்பதுக்கும் மேற்பட்ட பழைய ஒப்பந்தங்களுக்கு முடிவு அறிவிப்பு அனுப்பியது. முதலீட்டாளர் முதலில் ஐந்தாண்டுகள் உள்நாட்டு நீதிமன்றங்களில் தீர்வு தேட வேண்டும் என்ற புதிய மாதிரியையும் வகுத்தது. இது வரவேற்கத்தக்க திருத்தமே. ஆனால் 2024 பிப்ரவரியில் ஐக்கிய அரபு அமீரகத்தோடு கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அந்த ஐந்தாண்டு மூன்றாகச் சுருங்கிவிட்டது; பங்குச் சந்தை முதலீட்டுக்கும் பாதுகாப்பு நீண்டுவிட்டது. அடுத்து வரும் நாடுகள் இதையே காட்டிப் பேரம் பேசும்.

உடன்படிக்கை செய்யும் அதிகாரம் அரசியல் சாசனத்தின் ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்தும் முறையை வரையறுக்கும் சட்டம் எதையும் நாடாளுமன்றம் இதுவரை இயற்றவில்லை. அமைச்சரவை முடிவெடுக்கிறது, அதிகாரிகள் கையெழுத்திடுகிறார்கள். நடுவர் மன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகே மக்களுக்குச் செய்தி தெரிகிறது. பிரேசில் 1990களில் இத்தகைய பல ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டது. அவற்றில் ஒன்றுகூட அந்நாட்டு நாடாளுமன்றத்தைத் தாண்டி நடைமுறைக்கு வரவில்லை. அந்நிய முதலீடு அதனால் பிரேசிலை விட்டு ஓடிவிடவில்லை. பிரிட்டனோடு முதலீட்டு ஒப்பந்தம் பற்றிய பேச்சு நீண்டகாலமாக நடந்து வருகிறது. எந்த முதலீட்டு ஒப்பந்தத்தின் வரைவும் கையெழுத்துக்கு முன் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும், மாநில அரசுகளின் கருத்து கேட்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையை இடதுசாரி உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் எழுப்புவதற்கு இதைவிடப் பொருத்தமான வேளை வாய்க்காது.